பயணமா, அறையா, ஊர்த்தெருவா: வெளிநாட்டு மாணவரின் இரண்டு நாள் ஓய்வு

வெளிநாட்டில் படித்துக்கொண்டே தன்னார்வப் பணியும் செய்யும் மாணவருக்கு, வகுப்பும் பணிமுறையும் (ஷிஃப்டும்) இல்லாத ஒரு சனியும் ஞாயிறும் சேர்ந்தாற்போல் கிடைப்பது அரிது. அப்படிக் கிடைக்கும்போது, அதை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடுதியின் பொதுச் சமையலறையில் வியாழக்கிழமையே மூன்று விடைகள் உலவத் தொடங்கிவிடும். உடன் பணியாற்றுவோரோடு வெள்ளி இரவே பேருந்து ஏறி வேறொரு நகரத்துக்குப் போய்வருவது ஒன்று. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கித் தீர்ப்பது மற்றொன்று. வெளியூர் போகாமலும் அறையில் அடைந்துகிடக்காமலும், இருக்கும் ஊரிலேயே திட்டமின்றித் திரிவது மூன்றாவது. மூன்றையும் மாறி மாறிச் செய்துபார்த்தவன் என்ற முறையில், என் சாய்வு மூன்றாவதன் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது.

ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். சபீனா சொனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், வேலைக்குப் பிறகு மனிதர்கள் எவ்வாறு மீள்கிறார்கள் என்பதை அளக்க 2007இல் ஒரு வினாத்தொகுப்பை வெளியிட்டனர். அதில் அவர்கள் பிரித்துக் காட்டியவை நான்கு: மனம் வேலையிலிருந்து விலகுதல், உடலும் மனமும் இறுக்கம் தளர்ந்திருத்தல், புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுதல், நேரம் தன் கையில் இருத்தல். அலுவலகத்தில் வேலை செய்வோரை மனத்தில் வைத்து உருவானதுதான் என்றாலும், வாரத்தில் மூன்று மாலைகள் முதியோர் இல்லத்திலோ சிறுவர் பள்ளியிலோ நின்றுவிட்டு, இரவில் ஒப்படைப்பு எழுதும் மாணவருக்கும் இது கச்சிதமாகவே பொருந்துகிறது.

பயணத்தின் கவர்ச்சி வெளிப்படையானது. புதிய தெருக்கள், புதிய ஆற்றுப்பாலம், பெற்றோருக்கு அனுப்பப் படங்கள். பணி நடக்கும் ஊரைவிட்டே போய்விடுவதால் மனமும் விலகிவிடும் என்று நினைப்போம். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. போவது யாரோடு? அதே தன்னார்வலர்களோடு. பேருந்து நகர எல்லையைத் தாண்டுவதற்குள், மூன்று வாரமாக வாய் திறக்காத அந்தச் சிறுவன் நேற்று என்ன சொன்னான் என்பதும், பொறுப்பாளர் போட்ட புதிய பணிமுறைப் பட்டியலில் யாருக்கு அநியாயம் நடந்தது என்பதும் பேச்சாகிவிடும். இருநூறு கிலோமீட்டர் போயும் பணியிடம் கூடவே வந்துவிடுகிறது.

நேரம் தன் கையில் இருத்தல் என்ற அளவிலோ குழுப் பயணம் மிகவும் பின்தங்குகிறது. எட்டுப் பேர் சாப்பிட இடம் தேடும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நடைபாதையில் வட்டமாக நின்று, ஆளுக்கொரு கைப்பேசியில் ஆளுக்கொரு கடையின் மதிப்பீட்டைப் படித்து, ஒருவர் சொல்வதை மற்றவர் மென்மையாக மறுத்து, முக்கால் மணி நேரம் கழித்து முதலில் பார்த்த கடைக்கே திரும்புவார்கள். வாரம் முழுவதும் பிறர் வகுத்த அட்டவணையில் ஓடியவருக்கு, ஓய்வு நாளிலும் எட்டுப் பேரின் சம்மதத்தை வாங்கி நகர்வது இன்னொரு பணிமுறையே. தனியாகவோ ஒரேயொரு நண்பரோடோ போகும் பயணத்துக்கு இந்தக் குறை இல்லை. ஆகவே பயணம் என்ற ஒரே பெயரில் இரண்டையும் எடைபோடுவது சரியன்று.

எல்லை தாண்டும் பயணமானால் கடவுச்சீட்டின் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒற்றை நுழைவு விசாவில் வந்திருப்பவர், வேறு வதிவிட அனுமதி கைக்கு வராத நிலையில் பக்கத்து நாட்டுக்குப் போனால், திரும்பி நுழைய வழியில்லாமல் நிற்க நேரிடும். தமக்குள் எல்லைச் சோதனையை நீக்க உடன்பட்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளில் ஒன்றில் வதிவிட அனுமதி பெற்ற மாணவர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகலாம். அதற்கும் எந்த 180 நாளிலும் 90 நாளே வரம்பு.

அறைக்குள் தங்கும் தெரிவு, செலவும் சம்மதமும் தேவைப்படாதது. இறுக்கம் தளர்வதும் நேரம் தன் கையில் இருப்பதும் நிறையவே வாய்க்கும் என்றே தோன்றும். ஆனால் விடுதி அறையில் கட்டிலுக்கும் மேசைக்கும் இடையே ஒரு கை நீளம்தான். மூடிவைத்த மடிக்கணினியின் ஓரத்தில் எரியும் அந்தச் சிறு விளக்கு, முடிக்காத ஒப்படைப்பின் கண்ணைப் போல நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். படிக்கவும் மாட்டோம், படிக்காமல் நிம்மதியாக இருக்கவும் மாட்டோம். நண்பகல்வரை தூங்கினால் வேறொரு வினையும் உண்டு. வேலைநாளின் தூக்க நேரத்துக்கும் ஓய்வுநாளின் தூக்க நேரத்துக்கும் விழும் இந்த இடைவெளியை உடலின் உட்கடிகாரத்தை ஆராயும் டில் ரோனபெர்க்கும் உடன் ஆய்வாளர்களும் 2006இல் ‘சமூக ஜெட்லேக்’ என்று பெயரிட்டு அழைத்தனர். நேர மண்டலம் மாறி வந்த களைப்பு தீர்ந்த சில வாரங்களிலேயே, படுக்கையை விட்டு எழாமலே அதே களைப்பை நாமாக வரவழைத்துக்கொள்கிறோம். ஞாயிறு இரவு தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடப்பது அதன் கூலி. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்குவதில் குற்றமில்லை. ஐந்து மணி நேரம் என்பது வேறு சங்கதி.

ஊரிலேயே திரிவதை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம் அழகன்று. மாணவத் தன்னார்வலருக்குத் தான் வாழும் ஊர் உண்மையில் ஒரு முக்கோணமாகத்தான் தெரியும்: விடுதி, வகுப்பு, பணியிடம். அந்தக் கோடுகளுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை அறியாமலே பலர் படிப்பை முடித்துவிடுகிறார்கள். தினமும் பாதியில் இறங்கும் பேருந்தில் கடைசி நிறுத்தம்வரை போய்ப் பாருங்கள். மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1960இல் வெளியிட்ட கட்டுரையில், எப்போது கைகுலுக்குவது, எப்போது மறுப்பது, எதை விளையாட்டாக எடுத்துக்கொள்வது போன்ற பழகிய சமூகக் குறிகள் கைநழுவிப் போவதால் எழும் பதற்றமே பண்பாட்டு அதிர்ச்சி என்று விளக்கினார். அந்தக் குறிகளை மறுபடி கற்பதற்கு வகுப்பறையைவிடப் பேருந்தின் கடைசி இருக்கையும் பூங்காப் பலகையும் நல்ல இடங்கள். அங்கே தவறாகப் பேசினாலும் மதிப்பெண் குறையாது. நம் பதிலுக்காக எந்த முதியவரும் மருந்துக் குவளையோடு காத்திருப்பதில்லை. பக்கத்தில் வந்து அமர்ந்த பெரியவர் வானிலையைப் பற்றிச் சொன்னது முழுவதும் புரிந்து, அதற்கு இரண்டு வாக்கியத்தில் பதிலும் சொல்லிவிட்ட பிற்பகலுக்கு, எந்தக் கோட்டையின் முன் எடுத்த படமும் ஈடாகாது என்பது என் எண்ணம். தேர்ச்சி என்று அந்த வினாத்தொகுப்பு சொல்வது இதைத்தான் போலும். நேரமோ முழுவதும் நம் கையில். மழை வந்தால் நூலகம், அலுத்தால் அறை.

இந்தத் தெரிவுக்கும் குறை உண்டு. திட்டமின்மை சோம்பலாகச் சரிந்து, சனிக்கிழமை துணி துவைக்கும் இயந்திரம் காலியாவதற்காகக் காத்திருப்பதிலேயே கழிந்துவிடலாம். துணியையும் பாத்திரத்தையும் வெள்ளி இரவே முடித்துவிடுவது நல்லது. இன்னொரு பொறி, ஆள் குறைகிறது, ஒரு பொழுது மட்டும் வர முடியுமா என்று பணியிடத்திலிருந்து வரும் செய்தி. ஊரில் இருப்பவருக்குத்தான் அது முதலில் வரும். பிரித்தானியாவில் மாணவர் விசாவில் பட்டப்படிப்புப் படிப்போர் பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்வரைதான் வேலை செய்யலாம் என்பது பொது வரம்பு. ஒப்பந்தக் கடப்பாட்டோடு செய்யும் ஊதியமில்லா வேலையும் அதில் அடங்கும், வாரம் என்பது திங்கள் தொடங்கி ஞாயிறுவரை. எனவே ஞாயிற்றுக்கிழமை நல்ல மனத்தோடு ஒப்புக்கொண்ட ஒரு பொழுதும் கணக்கில் ஏறக்கூடும்.

பயணமே சரி என்று நான் சொல்வது இரு சாராருக்கு. ஒரே ஒரு பருவத்துக்கு வந்தவர்களுக்கு வார இறுதிகள் எண்ணி வைத்தவை. அவர்கள் சோர்வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்றவர், பணியிடத்திலேயே தங்கியிருக்கும் தன்னார்வலர். சுவருக்கு அப்பால் அழைப்புமணி ஒலிக்கும்போது, இன்று என் முறையில்லை என்று சொல்லிக்கொண்டு படுத்திருக்க எல்லோராலும் முடிவதில்லை. அவர்கள் ஊரிலேயே திரிந்தாலும் இரவு அந்த மணிக்கே திரும்பி வர வேண்டும். அவர்கள் சனிக்கிழமை காலை கிளம்பிவிடட்டும், தனியாக. திரும்பும் சீட்டை மட்டும் ஞாயிறு நண்பகலுக்கு எடுத்துக்கொள்ளட்டும்.