"சர்வீஸ் முடிஞ்ச" ரெகுலேட்டர் செட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

சென்னை, புதுச்சேரி பக்கம் பழைய ஸ்கூபா ரெகுலேட்டர் செட் வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 42,000 ரூபாய்க்கு நான் வாங்கிய செட் 14 மீட்டர் ஆழத்தில் கைவிட்டது. விற்ற கடைக்காரர் கரையிலேயே கைவிட்டார். பணத்தில் ஒரு பங்கு இன்னும் வரவேண்டியிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. செட்டின் அடையாளங்களைக் கடைசியில் தருகிறேன், அதுதான் முக்கியம்.

ரெகுலேட்டர் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டரில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். சிலிண்டர் தலையில் மாட்டுகிற ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அதைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஒன்பது, பத்து பார் மட்டும் அதிகம் என்ற அளவுக்கு இறக்கி ஹோஸுக்குள் அனுப்பும். வாயில் வைக்கிற செகண்ட் ஸ்டேஜ் மீதியைக் குறைத்து, நாம் இழுக்கும்போது மட்டும் காற்றைத் தரும். நண்பருக்குக் காற்று தீர்ந்தால் கொடுக்க இன்னொரு செகண்ட் ஸ்டேஜ் மஞ்சள் நிறத்தில் தொங்கும், அதுதான் ஆக்டோபஸ்.

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ஐரோப்பியத் தயாரிப்பு, பேலன்ஸ்டு டயஃப்ரம், ஒரே ஓனர், கொஞ்சமே டைவ் போனது, சர்வீஸ் முடிந்தது. நான் தேடியதும் பேலன்ஸ்டு டயஃப்ரம்தான். நம்ம கிழக்குக் கரையில் தண்ணீர் பல நாள் கலங்கித்தான் இருக்கும். சாதாரண பிஸ்டன் வகையில் கடல் நீர் ஸ்ப்ரிங் இருக்கிற அறைக்குள்ளேயே வந்து போகும், மண்ணும் உப்பும் அங்கே தங்கும். டயஃப்ரம் வகையில் ஒரு ரப்பர்த் தகடு குறுக்கே நின்று, நகர்கிற உள்பாகங்களிடம் நீரை அண்டவிடாது. பேலன்ஸ்டு என்றால் சிலிண்டர் 50 பாருக்கு இறங்கிய பிறகும் மூச்சு கனக்காது. ஆக, தேர்வில் கோளாறு இல்லை. அந்த மாடலையே இன்று புதிதாகக் கொடுத்தாலும் வாங்குவேன்.

கடையில் செய்து காட்டிய டெஸ்ட்டைச் சொல்ல வேண்டும். கடைக்காரர் சிலிண்டரில் செட்டை மாட்டினார், வால்வைத் திறந்தார், பர்ஜ் பட்டனை இரண்டு தரம் அழுத்தினார். புஸ், புஸ் என்று காற்று வந்தது. "இழுத்துப் பாருங்க சார், வெண்ணெய் மாதிரி போகும்" என்றார். இழுத்தேன், போகத்தான் செய்தது. உடனே வால்வை மூடிவிட்டார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த அவசரத்துக்குக் காரணம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பில் கேட்டேன், கொடுத்தார்கள். "டைவிங் செட் – 1" என்று ஒரே வரி. சீரியல் நம்பரும் எழுதுங்கள் என்றதற்கு, "எங்க சிஸ்டத்துல அதுக்கு இடம் இல்ல சார்" என்று பதில் வந்தது.

புதுச்சேரியில் முதல் தடவை இறங்கியபோதே ஆக்டோபஸ் விட்டு விட்டுக் குமிழ் விட்டது. படகில் இருந்தவர்கள், காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் உட்கார நேரம் எடுக்கும் என்றார்கள். அடுத்த டைவில், செயற்கைப் பாறைத்திட்டை ஒட்டி 14 மீட்டரில் இருந்தபோது வாயில் இருந்த செகண்ட் ஸ்டேஜ் திடீரென்று திறந்துகொண்டது. காற்று கொட்டுகிறது, நிற்கவே இல்லை. ரெகுலேட்டர் பழுதானால் காற்று அடைபடாமல் திறந்தே நிற்கும்படிதான் வடிவமைத்திருப்பார்கள். அதனால் மூச்சு முட்டாது. ஆனால் மீதிக் காற்றைக் காட்டும் அழுத்தக் கேஜில் ஊசி கண்ணெதிரே இறங்கும். பயிற்சியில் சொல்லித்தந்தபடி வாய்ப்பிடியை உதட்டில் தளர்த்தி, கொட்டுகிற காற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சினேன். கைடு தன் ஆக்டோபஸைக் கொடுத்து, என் தோள்பட்டியைப் பிடித்து, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தித்தான் மேலே கூட்டிவந்தார். அந்த மனிதருக்கு நன்றி. இதற்கு மேல் அந்த டைவைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நடந்ததுதான் விஷயம். ரெகுலேட்டர் வேலை தெரிந்த ஓர் அண்ணனிடம் செட்டைக் கொண்டுபோனேன். அவர் செகண்ட் ஸ்டேஜைத் தொடவே இல்லை. பிசிடிக்கு, அதாவது மிதப்பைச் சரிசெய்ய நாம் போடுகிற காற்று ஜாக்கெட்டுக்கு, காற்று போகிற ஹோஸின் முனையில் சின்ன கேஜ் ஒன்றைச் சொருகி, வால்வைத் திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம் என்றார். திறந்தபோது ஊசி ஒன்பதரை பாரில் நின்றது, கச்சிதம். திரும்பி வரும்போது பதினொன்றைத் தாண்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் ஏறியது. அப்புறம் ஆக்டோபஸ் மெல்லச் சீற ஆரம்பித்தது.

"ஊசி வந்த இடத்துல நிக்கணும் தம்பி. இது ஏறிக்கிட்டே இருக்கு. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடவே இல்ல" என்றார்.

கடையில் ஒரு நிமிடத்துக்குள் வால்வை மூடியது இதற்குத்தான். ஏறுவதற்கு நேரம் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

என் எதிரிலேயே பிரித்தார். சிலிண்டர் பக்கம் காற்று நுழைகிற இடத்தில் ஒரு குட்டி உலோக வடிகட்டி இருக்கும், அது பச்சை பிடித்துக் கிடந்தது. மூடியைச் சரியாகப் போடாமல் செட்டைக் கழுவி, உப்புத் தண்ணீர் உள்ளே போனதற்கு அது அடையாளம். துருப்பிடித்த ஸ்டீல் சிலிண்டர் என்றால் இதே வடிகட்டி செம்பழுப்பாக இருக்குமாம். அதற்கும் உள்ளே, உயர் அழுத்தக் காற்றை மூடுகிற சீட். நகக்கண் அளவு பிளாஸ்டிக் துண்டுதான். அதன் மேல் வட்டமாக ஒரு பள்ளம், நகத்தால் வருடினாலே தட்டுப்பட்டது. அது வந்து உட்காருகிற உலோக விளிம்பிலும் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒரு சின்னக் கொத்து. சீட்டை மாற்றலாம். விளிம்பே போய்விட்டால் புதுச் சீட்டும் கொஞ்ச நாளில் அதே கதிதான். சில மாடல்களில் விளிம்பைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும், இதில் முடியாது.

"சர்வீஸ் முடிஞ்சதுன்னு சொன்னாங்களே அண்ணே?"

"வெளிய தெரியிற ஓ-ரிங் மட்டும் புதுசு தம்பி. மேல துடைச்சு, பாலிஷ் போட்டிருக்காங்க."

ஆக்டோபஸ் வேறு கம்பெனி. தலைகீழாகத் தண்ணீரில் அமிழ்த்திப் பார்த்ததில் அதன் வால்வு அளவுக்கு மீறித் தளர்வாக வைக்கப்பட்டிருந்தது. கடையில் வெண்ணெய் மாதிரி போனதன் ரகசியம் அதுதான். ஐரோப்பியத் தரமான இஎன் 250-இன் 2014 பதிப்பின்படி, ஆக்டோபஸோடு சேர்த்து நண்பருக்கும் காற்று கொடுக்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்ட ரெகுலேட்டரில் 250-க்குப் பின்னால் ஏ என்ற எழுத்து இருக்கும். இரண்டு கம்பெனிச் சாமானை ஒட்டுப்போட்டால் அந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு? ஹோஸ்களின் உலோக முனையில் தயாரித்த வருடம் பொறித்திருப்பார்கள். ஆக்டோபஸ் ஹோஸில் 2013. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வழக்கம். அதிலும் பின்னல் உறை போட்ட சில ஹோஸ்களில் உள்குழாய் சிதைந்து, படிகமாகச் சேர்ந்து காற்றை அடைத்த சம்பவங்களை டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் வெளியிட்டிருக்கிறது. வெப்பம் அதைத் துரிதப்படுத்தும். நம்ம ஊர் வெயிலில் கார் டிக்கியில் கிடக்கிற ஹோஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போன் செய்தேன். முதலில் "தண்ணிக்குள்ள நீங்க தப்பா ஹேண்டில் பண்ணியிருப்பீங்க." பிரித்த படங்களை அனுப்பியதும் பேச்சு மாறியது: "இது நாங்க கொடுத்த பீஸே இல்ல சார். பில்லுல நம்பர் இருக்கா?" சீரியல் நம்பருக்கு ஏன் இடமில்லாமல் போனது என்று அப்போது புரிந்தது.

நல்லவேளை, விளம்பரத்துக்காக அவர்களே எடுத்த படம் என் வாட்ஸ்அப்பில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் பக்கவாட்டில் நம்பர் படிக்கிற மாதிரியே தெரிந்தது. அதையும், கேஜ் ஊசி ஏறுகிற வீடியோவையும், பணம் அனுப்பிய ரசீதையும் சேர்த்து ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பினேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே ஆன்லைனில் தாக்கல் செய்யலாம் என்பதை நோட்டீஸிலேயே எழுதியிருந்தேன். செட்டை வாங்கிக்கொண்டு 30,000 ரூபாயைத் திருப்பினார்கள். மீதி "யூஸ் பண்ணினதுக்கு" பிடித்தமாம். எதை யூஸ் பண்ணினேன் என்று கேட்டால் பதில் இல்லை. அந்த 12,000-க்குத்தான் இப்போது மனு தயாராகிறது. ஒன்று சொல்ல வேண்டும், கடையிடம் வாங்கியதால்தான் இந்த வழி. தன் சொந்தச் செட்டை விற்கிற தனி ஆளிடம் வாங்கினால் நுகர்வோர் சட்டம் கைகொடுப்பது கஷ்டம்.

பழைய செட் வாங்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. விற்பவர் சர்வீஸ் ஆனது என்றால், யார் செய்தது, எந்தத் தேதி, எந்தக் கிட் மாற்றியது, கடைசியில் அழுத்தம் எவ்வளவு காட்டியது என்ற தாள் இருக்க வேண்டும். கம்பெனி கிட்டில் சீட்டும் ஓ-ரிங்கும் சேர்ந்தே வரும், கழற்றிய பழைய சாமானைக் கேட்டால் கொடுப்பார்கள். தாள் இல்லை என்றால், செட்டுக்கு நீங்கள் கொடுக்கிற விலையில் முழு சர்வீஸ் செலவைக் கழித்துவிட்டுப் பேசுங்கள். நூறு பேர் இருக்கிற கடையானாலும் அழுத்தக் கேஜை மாட்டி, கால் மணி நேரம் ஊசியைப் பாருங்கள். சிலிண்டரில் மாட்டாமல், மூடியைப் போட்டுவிட்டு வாயில் வைத்து இழுத்தும் பாருங்கள். காற்று வந்தால் டயஃப்ரமிலோ, வெளிமூச்சு வால்விலோ ஓட்டை.

அப்புறம், பத்து டிகிரிக்குக் கீழே உள்ள குளிர் நீருக்கு என்று போட்ட கூடுதல் உறைக்கெல்லாம் இங்கே காசு கொடுக்காதீர்கள். நம் கடலில் யாரும் உறையப் போவதில்லை. அந்தக் காசை, உங்கள் ஊரிலேயே கிட் கிடைக்கிற மாடலுக்குப் போடுங்கள். 18 மீட்டருக்குள்ளேயே சுற்றுகிறவருக்கு, பாகங்கள் குறைந்த சாதாரண பிஸ்டன் ரெகுலேட்டர் புதிதாக வாங்கி ஒழுங்காகக் கழுவி வைத்தாலே போதும் என்பது என் கட்சி. மண் கலங்கிய நாளில் மட்டும் கழுவுவதில் சோம்பல் கூடாது.

இவ்வளவும் இப்போது எழுதக் காரணம், அதே செட் போன வாரம் மறுபடி விளம்பரத்துக்கு வந்திருக்கிறது. அதே படம்தான், சீரியல் நம்பர் இருந்த ஓரத்தை மட்டும் வெட்டிவிட்டார்கள். "ஃப்ரெஷ்ஷாக சர்வீஸ் செய்தது", விலை 45,000. சர்வீஸ் செய்தது யார் என்று நண்பர் எண்ணிலிருந்து கேட்டோம், பிளாக் செய்துவிட்டார்கள்.

அடையாளம்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் பளபளக்கும் குரோம், சிலிண்டரோடு இறுக்குகிற யோக் திருகு மட்டும் கறுப்பு. திருகுக்கு எதிர்ப்பக்க விளிம்பில் அரிசி அளவுக்கு ஒரு நசுங்கல். ஆக்டோபஸ் வேறு கம்பெனி, முகப்பில் எழுத்து தேய்ந்திருக்கும். ஹோஸை மாற்றியிருந்தாலும் இருப்பார்கள், நம்பரை மாற்ற முடியாது. கடைசி மூன்று இலக்கம் 417.