70/30 என்று சொல்லி விற்கும் பித்தளைத் தகடு: வடசென்னைப் பட்டறைக்காரர்கள் கவனத்துக்கு

டம்ளர், டவரா, விளக்குக் கிண்ணம், மணி என்று பவர் பிரஸ்ஸில் தகட்டை ஆழமாக இழுத்து, அதாவது டைக்குள் (அச்சுக்குள்) அழுத்திக் கிண்ணமாக்கி வேலை செய்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த லோடு தகடு இறக்குங்கள். சவுகார்பேட்டைப் பக்கம் ஒரு மெட்டல் கடையில் 70/30 (செம்பு 70, துத்தநாகம் 30) பித்தளை என்று பேசி வாங்கிய தகட்டுக் கட்டில், மேலே இருந்த சில தகடுகள் மட்டும்தான் 70/30. உள்ளே இருந்ததெல்லாம் பழைய குழாயையும் வால்வையும் உருக்கி உருட்டிய மட்டச் சரக்கு. விவகாரம் வக்கீலிடம் இருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை. எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதை முழுதாக எழுதுகிறேன். இந்த வேலையை ஒரு கடை மட்டும் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

என் பட்டறை வியாசர்பாடியில். காபி டம்ளருக்கான கிண்ணம் இழுத்துக் கொடுப்பதுதான் பிரதான வேலை. வாய் மடிப்பு, பாலிஷ், கலாய் (வெள்ளீயப் பூச்சு) எல்லாம் பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் பாத்திர வியாபாரி பார்த்துக்கொள்வார்.

தொழிலுக்குப் புதியவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் கலந்த இந்தப் பித்தளையில்தான் துப்பாக்கித் தோட்டாவின் உறையையும் செய்கிறார்கள். ஒரு வில்லையை முதலில் கிண்ணமாக்கி, அதைக் காய்ச்சி (சூடாக்கி இளக்கி), மறுபடி இழுத்து, மறுபடி காய்ச்சி, கடைசியில் விரல் நீளக் குழலாகக் கொண்டுவருவார்கள். அந்த இழுப்பைத் தாங்குகிற கலவை இது. வெளிநாடுகளில் போட்டிக்குச் சுடுகிறவர்கள் சுட்டு முடித்த உறையைப் பொறுக்கி, மருந்து நிரப்பித் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கம்பெனிப் பித்தளை உசத்தி என்று அவர்களுக்குள் ஓயாத வாதம் உண்டு. பின்லாந்தின் லப்புவா உறைக்கு அங்கே பெரிய மரியாதை. உறையை ஒவ்வொன்றாக எடை போடுவார்கள், கழுத்துச் சுவரின் கனத்தை அளப்பார்கள், சில முறை சுட்டதும் கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்குவார்கள். இளக்காவிட்டால் பித்தளை இறுகி, கழுத்து நெடுக்காகக் கிழிந்துவிடும். ராணுவ உறைகளின் கழுத்தோரம் நீலம் கலந்த பழுப்பு நிறம் தெரிவது, தொழிற்சாலையிலேயே இளக்கிய சுவடு. பித்தளையை நம்பி வேலை செய்கிறவன் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். நமக்கும் அதே உலோகம், அதே இழுப்பு, அதே காய்ச்சல்.

இனி நடந்தது. தகட்டுக் கட்டை இறக்குவதற்கு முன் மேல் தகட்டில் ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்குக் கொடுத்தேன். செம்பு 70-ஐ ஒட்டி வந்தது, காரீயம் இல்லவே இல்லை. பெரிய மில்லின் ஸ்டிக்கரும் அந்தத் தகட்டில்தான் ஒட்டியிருந்தது. முதல் சில தகடுகள் வெண்ணெய் மாதிரி இறங்கின. அதற்குப் பிறகு பிரஸ் ஓட்டும் தம்பி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "அண்ணே, ரெண்டாவது இழுப்புல கிழியுது. காய்ச்சிட்டுதான் போட்டேன், அப்பவும் கிழியுது."

கிண்ணத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். அடி வளைவுக்குச் சற்று மேலே, சுவர் மெலிகிற இடத்தில், கிழிசல் குறுக்காக ஓடியிருந்தது. கிழிந்த விளிம்பு இழுபட்டு மெலியாமல், பிஸ்கட் உடைந்த மாதிரி சொரசொரப்பாக இருந்தது. நல்ல 70/30 கிழிந்தால் அப்படி இருக்காது. டையைக் கழற்றிப் பார்த்தோம், எண்ணெய் மாற்றினோம், தகட்டைப் பிடிக்கும் பிளாங்க் ஹோல்டரின் அழுத்தத்தைக் குறைத்தோம். அதே டையில் பழைய ஸ்டாக் தகட்டைப் போட்டால் ஒரு குறையும் இல்லை. பிறகு கட்டின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் துண்டு வெட்டிக் கொடுத்தேன். செம்பு 61 சதவீதம், காரீயம் ஒன்றரைக்கு மேல்.

இரண்டுமே நம் வேலைக்கு ஆகாது. தரமான 70/30-ல் செம்பு 68.5-லிருந்து 71.5-க்குள் இருக்க வேண்டும், காரீயம் 0.1 சதவீதம்கூட இருக்கக் கூடாது. துத்தநாகம் 37-ஐத் தாண்டும்போது பித்தளைக்குள் வேறொரு கட்டமைப்பு உருவாகிறது. அது சூட்டில் நன்றாக வளையும், சூடு இல்லாமல் இழுத்தால் முறியும். காரீயம் லேத்தில் கடைகிறவர்களுக்கு வரம், சுருள் உடைந்து விழும். இழுக்கிறவர்களுக்கு அதுவே விஷம். செம்பின் விலை துத்தநாகத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஸ்கிராப்பை உருக்கினால் செலவு இன்னும் குறைகிறது. லாபம் எங்கிருந்து வருகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிழிந்தது போக, தப்பி வந்த கிண்ணங்களில்தான் பெரிய தலைவலி. கலவை தெரியவருவதற்கு முன்பே ஒரு பகுதி வண்ணாரப்பேட்டைக்குப் போயிருந்தது. வியாபாரி வாய் மடித்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி குடோனில் வைத்தார். குடோனுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை. ஐப்பசி மழை வேறு. கொஞ்ச நாளில் கூப்பிட்டார்: "தம்பி, யாரும் தொடாமலே டம்ளரெல்லாம் வெடிச்சிருக்கு, வந்து பாரு." போய்ப் பார்த்தால் வாய் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, தலைமுடி அளவுக்கு நேர்க் கோடுகள். நகத்தால் தடவினால் தட்டுகிறது, தண்ணீர் ஊற்றினால் கசிகிறது.

இந்த நோய் பழையது. வெள்ளைக்காரன் காலத்தில், இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் மழைக்காலத்தில் தானாக வெடித்தன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும், ஈரமும், இழுத்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்துதான் காரணம் என்று 1921-ல்தான் தெளிவாக விளக்கினார்கள். துத்தநாகம் கூடக் கூட இந்த வெடிப்பு எளிதாக வரும். அதே வியாபாரி, அதே குடோன், அதே கொட்டகை. முந்தைய மழைக்காலங்களில் 70/30 டம்ளர் ஒன்றுகூட வெடித்ததில்லை. ஆனாலும் 70/30-க்கும் இந்த நோய் வரலாம். கடைசி வேலை முடிந்ததும் 250-லிருந்து 300 டிகிரிக்குள் ஒரு மணி நேரம் சூடு கொடுத்தால் உள்ளிறுக்கம் தளர்ந்துவிடும், பொருளும் இளகாது. காசிமேடு ஐஸ் ஃபேக்டரிகளை ஒட்டி குடோன் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். அங்கே குளிரூட்ட ஓடுவதும் அமோனியாதான்.

எனக்குப் பணத்தைவிட ஆத்திரம் தந்தது காரீயம். இது காபி குடிக்கிற டம்ளர். வீட்டில் குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுப்பதும் இதில்தான். மேலே கலாய் இருக்கிறது என்று சொல்லலாம், ஆனால் சபீனா போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கலாய் போய்விடும், பிறகு வாயில் படுவது அடியில் இருக்கும் உலோகம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் காரீயம் பாதிக்கும் என்பதும், இந்த அளவுக்கு மேல் போகாவிட்டால் ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்பதும் மருத்துவம் உறுதியாகச் சொல்வது. வெடித்தது, வெடிக்காதது என்று பார்க்காமல் அந்தக் கட்டுத் தகட்டில் செய்த எல்லாவற்றையும் வியாபாரியிடமிருந்து திரும்ப எடுத்துவிட்டேன்.

ரிப்போர்ட்டோடு கடைக்குப் போனேன். முதலில் உங்கள் மிஷினில் கோளாறு என்றார் கடைக்காரர். ரிப்போர்ட்டைக் காட்டியதும் பேச்சு மாறியது. "சார், பில்லைப் பாருங்க. அதுல 70/30னு எங்க சார் போட்டிருக்கு?" உண்மையில் இல்லை. 'பிராஸ் ஷீட்', 7409 என்ற எச்எஸ்என் எண் (ஜிஎஸ்டிக்கான சரக்கு வகை எண்), எடை, தொகை, அவ்வளவுதான். அந்த எண் எல்லாப் பித்தளைத் தகட்டுக்கும் பொது, தரத்தைச் சொல்லாது. ஆனால் ஆர்டர் பேசிய வாட்ஸ்அப்பில் '70/30 சாஃப்ட்' என்று அவர் கைப்பட டைப் செய்தது அப்படியே இருக்கிறது. அதைக் காட்டியதும், "ஸ்கிராப் ரேட்டுக்கு வேணா திருப்பி எடுத்துக்கிறேன்" என்றார். தகட்டு விலைக்கு விற்ற குப்பையைக் குப்பை விலைக்கு வாங்கி, மறுபடி உருக்கி அடுத்தவர் தலையில் கட்டுவதற்கு நான் உடன்படவில்லை.

சரக்கு வாங்கும்போது கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். மேலே, நடுவே, அடியில் என்று மூன்று இடத்தில் துண்டு வெட்டுங்கள். பிரிக்க மாட்டேன் என்று சொல்கிற கடையை விட்டுவிடுங்கள். கண்ணால் பார்த்து 70/30-ஐயும் 63/37-ஐயும் பிரிக்க முடியாது. ஆசிட்டில் கழுவிய மட்டத் தகடு மேலே செம்பு நிறம் காட்டி ஏமாற்றும். எடையும் கைகொடுக்காது, அடர்த்தி 8.53-க்கும் 8.44-க்கும் உள்ள வித்தியாசம் கடைத் தராசில் தெரியாது. துண்டை மடித்து அடித்துப் பார்ப்பது தகடு இளக்கமா விறைப்பா என்று சொல்லும், கலவையைச் சொல்லாது. எக்ஸ்ரே பாய்ச்சிக் கலவையைச் சொல்லும் எக்ஸ்ஆர்எஃப் மிஷின்தான் சுலபமான வழி. தங்கம் சோதிக்கிற இடங்களில் இந்த மிஷின் இருக்கிறது, பித்தளையையும் சோதிப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது மேல்தோலை மட்டும் படிக்கும், அதனால் வைக்கும் இடத்தை அரத்தால் நன்றாக ராவிவிட்டு வையுங்கள். வழக்குக்கு நிற்கிற மாதிரி ரிப்போர்ட் வேண்டுமென்றால் கிண்டியில் மத்திய அரசின் எம்எஸ்எம்இ சோதனை மையம் இருக்கிறது.

பில்லில் 'ஐஎஸ் 410, சியுஇசட்என் 30' (பித்தளைத் தகட்டுக்கான இந்தியத் தர எண்ணும், அதில் 70/30-ன் பெயரும்) என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் காரணம் கேளுங்கள். சாம்பிள் காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்தச் சாம்பிளின் தரத்தில் இருக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் 17-ஆம் பிரிவு சொல்கிறது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் வாங்கிய பொருளுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

நோட்டீஸ் போய்விட்டது. மீதித் தகடு பட்டறையில் அப்படியே இருக்கிறது, சாட்சிக்காக அதில் கை வைக்கவில்லை. மேலே மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிய தகடும் உள்ளே வெறும் தகடுமாக யாருக்காவது கட்டு வந்திருந்தால், பில்லையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நான் போகும்போது சேர்ந்தே போகலாம்.