ஸ்கேன் உறையின் பின்பக்கம்: பெங்களூரில் ஓர் இரவு

ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு டொரண்டோவிலிருந்து பெங்களூருக்குப் போய், மூன்று வாரம் அக்கா வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறேன். விமானப் பயணம், உறவினர் திருமணம், வங்கி வேலை எல்லாம் குறையின்றி முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. என் பதினேழு வயது மகன் தலையில் உதை வாங்கிய அன்றிரவு ஒரு தனியார் மருத்துவமனையில் நாங்கள் கழித்த நான்கு மணி நேரம் மட்டும் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது கராத்தே கற்ற அதே அல்சூர் மொட்டைமாடியில்தான் மாஸ்டர் இன்றும் வகுப்பு நடத்துகிறார். ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடிக் கிடந்த காலத்தில், விடியுமுன் ஏரியைச் சுற்றி ஓடிவிட்டு அந்த மாடிப்படி ஏறியவர்கள் நாங்கள். யாருக்காவது தலையில் அடி பட்டால் மாஸ்டர் முகத்தில் தண்ணீர் தெளிப்பார், நெற்றியில் தைலம் தேய்ப்பார், "எழுந்து நில்லுடா" என்பார். நாங்களும் எழுந்து நின்றோம். டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மூன்று ஆண்டுகளாகக் கராத்தே கற்கும் மகனை அவர்முன் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அவன் அந்த வகுப்புக்குப் போன மூன்றாம் நாள், ஸ்பாரிங் என்னும் இருவர் மோதும் பயிற்சியில், சுழன்று வந்த ஓர் உதை அவனுடைய இடது காதுக்கு மேலே பட்டது. ஹெட்கார்டு என்னும் தலைக்காப்பு அணிந்திருந்தான். மயங்கவில்லை, சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தான். "இது எத்தனாவது ரவுண்டுப்பா?" என்று கேட்டான். நான் சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து அதையே மீண்டும் கேட்டான். மாஸ்டர் தண்ணீர் தெளித்தார், அவன் இன்னொரு ரவுண்டு ஆடினான், நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நான் மன்னிக்க முடியாத இடம் இதுதான், ஏனென்றால் தெரியாமல் நின்றவன் அல்லன் நான். 2013-இல் கனடாவின் ஒட்டாவாவில் ரோவன் ஸ்டிரிங்கர் என்ற பள்ளி மாணவி, ரக்பி ஆட்டத்தில் தலையில் பட்ட அடி ஆறுவதற்குள் மீண்டும் அடிபட்டு இறந்தாள். அவளுக்கும் வயது பதினேழுதான். அவள் பெயரால் எங்கள் ஒன்டாரியோ மாகாணம் 2018-இல் சட்டமே இயற்றியது. கன்கஷன் என்னும் மூளை அதிர்வு ஏற்பட்டதாக ஐயம் எழுந்தாலே விளையாடுபவரைக் களத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. அதற்கான தகவல் தாளை ஆண்டுதோறும் மகனோடு உட்கார்ந்து படிப்பவன் நான். என் மாஸ்டரின் மாடியில் நின்றபோது அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

மாலையில் தலைவலி தொடங்கியது. விளக்கை அணைக்கச் சொன்னான். வீட்டில் ஒரு முறை, ஆட்டோவில் ஒரு முறை வாந்தி எடுத்தான். அக்கா மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டுவிட்டு, "அவனைத் தூங்க மட்டும் விடாதே" என்று சொல்லி அனுப்பினாள்.

மருத்துவமனையில் எங்களை எதிர்கொண்ட முதல் கேள்வி, "யார் அடிச்சது?" என்பது. பிறரால் ஏற்பட்ட காயம் என்றால் எம்.எல்.சி., அதாவது சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு, என்று பதிந்து காவல் நிலையத்துக்குத் தெரிவிப்பார்கள் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். வகுப்பில் பட்ட உதை தாக்குதலா, விளையாட்டா என்று மூன்று பேர் மாறி மாறி விசாரித்தார்கள். உதைத்த பையனின் பெயரைக் கேட்டார்கள். பதினாறு வயதுப் பிள்ளையை அந்தப் பதிவேட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. இறுதியில் விளையாட்டில் ஏற்பட்ட காயம் என்று நான் எழுதிக் கையொப்பமிட்ட பிறகே அந்தப் பேச்சு ஓய்ந்தது. அதற்குள் அரை மணி நேரம் கடந்திருந்தது. அந்த அரை மணியில், நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, என் மகனிடம் இன்று என்ன கிழமை என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பாராட்டாமல் இருக்க முடியாது. பணம் கட்டிய நாற்பது நிமிடத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து, அறிக்கையும் கையில் கொடுத்துவிட்டார்கள். செலவு ஐயாயிரம் ரூபாயைத் தொடவில்லை. ஸ்கார்பரோ அவசரப் பிரிவில் ஹெல்த் கார்டைக் காட்டிவிட்டு, காசு கொடுக்காமல், ஆறேழு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இந்த வேகம் பெரிய ஆறுதல். தேவையில்லாமல் ஸ்கேன் எடுத்தார்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். அடிபட்டபின் நினைவுத் தடுமாற்றமும், ஒரு முறைக்கு மேல் வாந்தியும் இருந்தால் ஸ்கேன் வேண்டும் என்பது 2001-இல் கனடாவிலேயே வகுக்கப்பட்டு உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

நான் அஞ்சியது ஸ்கேனுக்குப் பிறகு வந்த சொல்லைக் கண்டுதான். இளம் மருத்துவர் படத்தைப் பார்த்து, "நார்மல். ஹெட்கார்டு போட்டிருந்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார். தாளில் மாத்திரைகளை எழுதி, கீழே "ரிவ்யூ எஸ்.ஓ.எஸ்." என்று முடித்தார். தேவைப்பட்டால் வரவும் என்பது அதன் பொருள். எது நேர்ந்தால் தேவை, எத்தனை நாள் கவனிக்க வேண்டும், எப்போது மீண்டும் வகுப்புக்குப் போகலாம் என்று ஒரு வரியும் இல்லை. சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவது. மூளை அதிர்வு என்பது மூளையின் இயக்கத்தில் ஏற்படும் குலைவு. பெரும்பாலும் அது படத்தில் தெரியவே தெரியாது. ஹெட்கார்டு தோல் கிழியாமல் காக்கும். மண்டை ஓட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் தடுத்துவிட முடியாது. இவற்றை நான் கேட்டபோது மருத்துவர் எரிச்சல் காட்டவில்லை. ஆனால் அவர் பின்னால் இன்னும் ஐந்து பேர் காத்திருந்தார்கள், அவர் கண் அவர்கள்மேல் இருந்தது.

நாங்கள் படியிறங்கும்போது இரவுப் பணியிலிருந்த செவிலியர் ஒருவர் பின்னாலேயே வந்தார். கோலார் தங்கவயல்காரர், அங்கே தமிழ் வழியில் படித்தவராம். "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி ஸ்கேன் உறையை வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். தலைவலி கூடிக்கொண்டே போனால், மீண்டும் மீண்டும் வாந்தி வந்தால், வலிப்பு வந்தால், ஒரு கண்மணி பெரிதாகத் தெரிந்தால், கைகால் தளர்ந்தால், பேச்சு குழறினால், எழுப்பியும் எழாவிட்டால், தொலைபேசியில் கேட்டுக்கொண்டிராமல் நேராக வந்துவிட வேண்டும் என்று எழுதினார். தம்பி தாராளமாகத் தூங்கலாம், இன்றிரவு அறையில் ஒருவர் துணையிருந்தால் போதும் என்றார். இரண்டு நாள் செல்பேசியைக் குறைத்துக்கொள்ள வேண்டும், வீட்டுக்குள் நடமாடலாம்; பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கக்கூடாது. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு இழுத்தார்: தலைவலி முழுதாக நின்று, மருத்துவர் சொல்லும்வரை தலையில் இன்னொரு அடி படக்கூடாது, வகுப்பு வேண்டாம், பந்தாட்டம் வேண்டாம், பைக்கின் பின்னால் உட்கார வேண்டாம்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "சிஸ்டர், இதையெல்லாம் அச்சடித்தே கொடுக்கலாமே" என்றேன். பதில் சொல்லாமல் மகனின் தோளைத் தட்டிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் மாஸ்டர் அழைத்தார். "ஸ்கேன் நார்மல்தானேப்பா? ஞாயித்துக்கிழமை டெமோ இருக்கு, பையனை அனுப்பு." அவரிடம் இல்லை என்று என் வாழ்நாளில் சொன்னதில்லை, குரல் நடுங்கத்தான் சொன்னேன். முதல் இரண்டு நாள் ஓய்வு, பிறகு நடை, அதன்பின் லேசான ஓட்டம், எதிராளி இல்லாத பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் கொடுத்துத்தான் ஏற வேண்டும், மருத்துவர் அனுமதித்த பிறகே எதிரே ஆளை நிறுத்தலாம், பதின்ம வயதினருக்கு நான்கு வாரம்கூட ஆகலாம் என்று விளக்கினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தக் காலத்துல உங்களையெல்லாம் உடனே எழுப்பி நிறுத்துவேனே" என்று மட்டும் சொன்னார். அன்று மாலை உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார். விடைபெறப் போன நாளில் பார்த்தேன்: மாடிப்படி அருகே கட்டண விவரம் எழுதும் கரும்பலகையில் சிஸ்டரின் வரிகள் சுண்ணக்கட்டியில் இருந்தன.

ஸ்கார்பரோவில் எங்கள் குடும்ப மருத்துவர் யாழ்ப்பாணத்தவர். ஸ்கேன் அறிக்கையை விரைவாகப் படித்துவிட்டு உறையைத் திருப்பி, பின்பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். "இதை எழுதினது ஆர்?" என்று கேட்டார். சிஸ்டரின் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை. மகனுக்குத் தலைவலி பன்னிரண்டாம் நாள் நின்றது; நேற்று இருபது நிமிடம் ஓடினான், வலி திரும்பவில்லை. ஹெட்கார்டும் கையுறையும் இன்னும் பயணப் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.