பாங்கொக்கில் மீன் சாப்பிடப் போகும் நம்ம ஊர் ஆட்களுக்கு

பாங்கொக்கில் ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் "தொட்டியில் பார்த்து எடுங்கள், உயிர் மீன்" என்று கூப்பிட்டால், முதலில் தராசு எங்கே என்று கேளுங்கள். காட்டாவிட்டால் எழும்பி வந்துவிடுங்கள். நாங்கள் நாலு பேர் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டியது 10,000 பாட். நம்ம இலங்கைக் காசுக்கு அப்போது தொண்ணூறாயிரம் ரூபாய்க்குக் கிட்ட வந்தது.

2024 ஜூலையில் இலங்கைக் கடவுச்சீட்டுக்குத் தாய்லாந்து விசா விலக்குக் கொடுத்த பிறகு மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். டிக்கெட், ஹோட்டல், பட்டாயாவில் படகு எல்லாவற்றையும் பயண முகவர் ஒழுங்குபண்ணித் தருவார். காலைச் சாப்பாடும் ஹோட்டலில் கிடைத்துவிடும். மத்தியானமும் இரவும் நம்ம பாடு. அந்த இடைவெளியில்தான் பிடிக்கிறார்கள்.

எங்களைப் பிடித்தது பாங்கொக் பெரிய அரண்மனைக்குப் பக்கத்தில். வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் ஏதோ அட்டையுமாக ஒரு மனுசன் நின்றார். "இன்றைக்குக் காலையில் பூட்டு, பிக்குமார் சடங்கு நடக்கிறது, இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள்" என்று நல்ல மரியாதையாகச் சொன்னார். அதுவரைக்கும் கோயில்களைச் சுற்றிக் காட்டி, ஆற்றங்கரையில் சாப்பிடவும் விட்டுக் கூட்டிவர ஒரு துக்துக்கை அவரே கை காட்டி நிறுத்தினார். நாலு பேருக்குமாக 40 பாட். அந்தக் காசுக்கு அந்த நகரத்தில் ஒருவரும் உங்களை அரை நாள் ஏற்றித் திரிய மாட்டார்கள். மிச்சக் காசை வேறு யாரோ கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். கடை வாசலில் இறங்கியதும் சாரதி உள்ளே போய் ஒரு அட்டையில் முத்திரை குத்திக்கொண்டு வந்ததை என் மனைவி கண்ணால் கண்டாள். அரண்மனை விசயம், அரச சடங்குள்ள சில நாட்கள் தவிர, தினமும் காலை 8.30இலிருந்து பின்னேரம் 3.30 வரைக்கும் டிக்கெட் கொடுக்கிறார்கள். வாசல் வரைக்கும் நடந்து போய், சீருடைக்காரரிடம் கேட்காமல் யார் சொல்வதையும் நம்ப வேண்டாம்.

சரி, கடைக்கு வருகிறேன். முன்னால் கண்ணாடித் தொட்டிகள். உள்ளே நம்ம கொடுவா. அதே மீன்தான். அங்கே அதை முழுசாக அவித்து, எலுமிச்சம்புளியும் உள்ளியும் கொச்சிக்காயும் போட்டுத் தருகிறார்கள், உண்மையில் நல்ல சாப்பாடு. மெனுவில் அந்த மீனின் படத்துக்குக் கீழே 150 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கும் கீழே, மஞ்சள் தாளில் வெளிறிய மஞ்சள் எழுத்தில், 100 கிராம் என்று எறும்பளவில். ஆற்று இறாலுக்கும் நண்டுக்கும் இலக்கமே இல்லை, "சீசன் விலை" மட்டும்.

கல்லடிப் பக்கம் மீன் வாங்கிப் பழகிய குடும்பம் இது. செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மாமி மீன் வாங்க மாட்டார். தொட்டியில் ஒரு நடுத்தர மீனைக் காட்டினார். பெடியன் வலையைப் போட்டு வேறொன்றைத் தூக்கினான். "அது இல்ல மகன், மற்றது" என்று என்னிடம் சொன்னார், நான் அவனிடம் சொன்னேன். "சேம் சேம்" என்று சிரித்துக்கொண்டே குசினிக்குள் கொண்டுபோய்விட்டான். நிறுக்கவில்லை. விலையைக் கேட்டதற்கு "நோ எக்ஸ்பென்சிவ்" என்றான்.

சாப்பாட்டுக்கு முன்னமே கச்சானும் ஈரத்துணிப் பக்கற்றும் வந்தன. யாரும் கேட்கவில்லை. பில் வருவதற்கு முன் கடையில் வேலைசெய்யும் ஒரு பெண்பிள்ளை போனைக் கொண்டுவந்து, கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்றாள். பக்கத்து மேசைக்காரர் சந்தோசமாகப் போட்டார்கள். அவர்களுக்கும் பில் அதற்குப் பிறகுதான் போனது. கூகுளில் நட்சத்திரம் எண்ணிக் கடை தெரிவுசெய்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நட்சத்திரக்காரரை விட்டுவிட்டு, ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் எழுதியதைப் புதியதிலிருந்து வாசியுங்கள். எங்கள் கடையைப் பற்றி அப்படி வாசித்தபோது, "தராசு", "நூறு கிராம்", "துக்துக்" என்று அதே கதைதான் பல பாஷையில் கிடந்தது.

பில் இப்படி. கொடுவா 1.6 கிலோ என்று 2,400 பாட். இறால் 1.2 கிலோ, நூறு கிராம் 250 வீதம் 3,000. நண்டு 900 கிராம், 220 வீதம் 1,980. நண்டுச் சோறு 350, கங்குன் 280, இளநீர் நாலு 480, ஈரத்துணி நாலு 120. கூட்டினால் 8,610. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம், அதையும் சேர்த்த தொகைக்கு வற் வரி 7 வீதம். மொத்தம் 10,134 பாட்.

சேவைக் கட்டணமும் வரியும் அந்த ஊர் வழமை, அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. மெனுவின் அடியில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் இந்த இரண்டும் மேலதிகமாக வரும் என்று கணக்குப் பண்ணுங்கள். வரி சேவைக் கட்டணத்தின் மேலும் ஏறுவதால் 17 வீதமல்ல, 17.7 வீதம். சிங்கப்பூரிலும் இதே குறிதான், அங்கே 10 வீதமும், 2024இலிருந்து ஜிஎஸ்டி 9 வீதமும்.

என் சண்டை நிறையைப் பற்றியது. மாமி மீன் முள்ளைத் தட்டில் நேராக வைத்து, கையால் அளந்து காட்டினார். "ஒண்டரைக் கிலோக் கொடுவாண்டா முழத்துக்கு மேல வரணும் மகன். இது தலையோட சேர்த்து ஒண்டரைச் சாண். ஆரை ஏமாத்துறானுகள்?" முகாமையாளர் வந்தார். தராசு குசினிக்குள் இருக்கிறதாம், வாடிக்கையாளர் உள்ளே போக முடியாதாம். நிறையைப் பேனாவால் எழுதிய ஒரு துண்டைக் காட்டினார். அவித்தால் மீன் சுருங்கும் என்றும் ஒரு விளக்கம். மட்டக்களப்பு மனுசிக்கு மீன் சுருங்குவதைப் பற்றிப் பாடம்! முள்ளுமா சுருங்கும்?

சுற்றுலாப் பொலிசுக்கு எடுப்பேன் என்றதும் முகம் மாறியது. பெரிய மனசு பண்ணி 134 பாட்டைக் கழித்து 10,000 ஆக்கினார். வெளியே துக்துக் சாரதியும் இன்னும் இரண்டு பேரும் வாசலை மறித்த மாதிரி நின்றார்கள். எங்கள் பிள்ளை பயந்துவிட்டான். கட்டிவிட்டு வெளிக்கிட்டோம்.

கட்டும் இடத்திலும் ஒரு சின்ன விசயம் இருக்கிறது. காட் மெசினில் இலங்கை ரூபாயிலா, பாட்டிலா என்று கேட்கும். ரூபாயில் பார்த்தால் விளங்கும் என்று ரூபாயை அமத்தத் தோன்றும். அமத்த வேண்டாம். ரூபாயைத் தெரிவுசெய்தால் மாற்று வீதத்தைக் கடைக்காரரின் பக்கமே தீர்மானிக்கும், அதில் சில வீதம் கூடப் போகும். எந்த நாட்டிலும் அந்த நாட்டுக் காசையே அமத்துங்கள். எங்களுக்கு அந்தப் பெடியன் கேட்காமலே ரூபாயை அமத்தப் பார்த்தான், மெசினை வாங்கி நானே மாற்றினேன்.

இது பாங்கொக்குக்கு மட்டும் உரிய வித்தை இல்லை. 2009இல் சிங்கப்பூர் நியூட்டன் உணவு மையத்தில் அமெரிக்கச் சுற்றுலாக்காரரிடம் எட்டு இறாலுக்கு மட்டும் 239 சிங்கப்பூர் டொலர் வாங்கினார்கள். அது பத்திரிகையில் வந்து, அந்தக் கடையை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். சட்டம் இறுக்கமான சிங்கப்பூரிலேயே அப்படி. 2018 தொடக்கத்தில் வெனிசில் ஜப்பான் மாணவர் நாலு பேரின் சாப்பாட்டு பில் 1,100 யூரோ என்று உலகம் முழுக்கச் செய்தியானது. சுவிசிலும் பிரான்சிலும் இருக்கிற சொந்தக்காரரிடம் போய், அங்கிருந்து ரோம், வெனிஸ் பார்க்கப் போகிறவர்கள் நம்ம பக்கத்தில் நிறையப் பேர். இத்தாலி மெனுவில் மீனின் விலைக்குப் பக்கத்தில் "எட்டோ" என்று இருந்தால் அதுவும் நூறு கிராம்தான். கிலோக் கணக்கில் வாங்கிப் பழகிய நமக்கு, இலக்கம் சின்னதாக இருந்தால் அது ஒரு தட்டின் விலை என்றுதான் கண் எடுக்கும். அதற்காகத்தான் அப்படி எழுதுகிறார்கள்.

பாரிசுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை இலவசமாகத் தரவேண்டும், அது சட்டம். வெறுமனே தண்ணீர் என்றால் போத்தலை உடைத்து வைத்துவிட்டுக் காசு போடுவார்கள். குடுவைத் தண்ணீர் என்றே கேளுங்கள். சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே இருக்கிறது. தனியாக டிப்ஸ் வைக்காவிட்டால் ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள்.

அப்போ பாங்கொக்கில் எங்கே சாப்பிடுவது? இதைக் கேட்கவேண்டியது உடுப்பு எடுக்கப் போய்வருகிற காத்தான்குடி, கல்முனை வியாபாரிகளிடம். பயண முகவரைவிட அவர்களுக்கு நல்லாத் தெரியும். பிரதுனாம் உடுப்புச் சந்தைக்குக் கிட்ட, பெட்சபுரி ஏழாம் ஒழுங்கையில் தாருல் அமான் பள்ளிவாசல் இருக்கிறது. அதைச் சுற்றி ஹலால் கடைகள். விலை எழுதி ஒட்டியிருக்கும், ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். சைவச் சாப்பாட்டுக்காரர் பாஹுரத் பக்கம் போனால் இந்தியக் கடைகள். மற்றக் கடைகளில் மரக்கறி என்று கேட்டாலும் மீன்சோசு விழுந்துவிடும், பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு. மஞ்சள் துணியில் சிவப்புத் தாய் எழுத்துப் போட்ட கடைகள் இருக்கின்றன, அங்கே மீன்சோசும் இல்லை, உள்ளியும் இல்லை. விரதகாரருக்கு வசதி.

எங்களுக்கு அடுத்த நாளிலிருந்து கைகொடுத்தது எம்பிகே, டெர்மினல் 21 மாதிரிக் கடைத்தொகுதிகளின் மேல்மாடி உணவுக்கூடங்கள். வாசலில் காசு கொடுத்து ஒரு காட் எடுக்க வேண்டும், ஒவ்வொரு கடையிலும் அதில் கழிப்பார்கள், மிச்சத்தைத் திரும்பத் தருவார்கள். விலை எல்லாம் படத்தோடு தொங்கும். ஒருவர் நூறு பாட்டுக்குள் வயிறு நிறையச் சாப்பிடலாம். ஆற்றங்காற்று இல்லைதான். கொடுவா ஆசை விடாதவர்கள், ஒரு மீன் முழுசாக இன்ன விலை என்று எழுதியிருக்கும் சாதாரணக் கடையைத் தேடுங்கள். எலுமிச்சம்புளியில் அவித்த முழு மீன் 350, 450 பாட்டுக்குள் கிடைக்கிறது. எங்களுக்கு 2,400 போட்டது இதே சாப்பாட்டுக்குத்தான். நிறைக்கு விற்கும் கடையில் சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால், உங்கள் கண் முன்னால் நிறுத்து, மொத்த விலையைக் கல்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லி, அந்தத் திரையைப் போனில் படமெடுத்த பிறகுதான் மீன் குசினிக்குள் போகவேண்டும். மெனுவையும் இருந்த உடனே படமெடுங்கள். பில் நேரத்தில் வேறு மெனு வந்த கதைகளும் அந்த ஒரு நட்சத்திரப் பட்டியலில் இருந்தன.

தாய்லாந்தில் சுற்றுலாப் பொலிஸ் இலக்கம் 1155, ஆங்கிலத்தில் கதைக்கலாம். விலை காட்டாமல் விற்பது அங்கே குற்றம், 10,000 பாட் வரை தண்டம் இருக்கிறது. அந்த முறைப்பாட்டுக்கு வர்த்தகத் திணைக்களத்தின் 1569. நாங்கள் 1155க்கு எடுத்தது ஹோட்டலுக்கு வந்த பிறகு. மறுபக்கத்தில் கதைத்தவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் கடைக்குள்ளா இருக்கிறீர்கள்? காசு கட்டிவிட்டீர்களா?" என்பதுதான். கட்டியாகிவிட்டது என்றதும் பில்லின் படத்தையும் இடத்தையும் கேட்டுப் பதிந்துகொண்டார். கட்டுவதற்கு முன்னால், மேசையில் இருந்தபடியே எடுத்திருந்தால் அங்கேயே முகாமையாளரோடு கதைத்திருக்கலாம் என்றார். போகிறவர்கள் அந்த இலக்கத்தை இங்கேயே போனில் போட்டுக்கொண்டு போங்கள். பில் மேசைக்கு வந்து, கணக்குப் பிழை என்று தெரிந்த உடனே, எழும்பாமல், காட்டை வெளியே எடுக்காமல் அமத்துங்கள்.