துணை ஒப்பந்தமா, நேரடிப் பதிவா: கடலூர்ச் சிறு கான்ட்ராக்டர்களுக்கு ஓர் ஒப்பீடு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூர் எங்கும் தொடங்கிய கட்டட வேலைகளில், ஒரு பெரிய கான்ட்ராக்டரிடம் லேபர் கான்ட்ராக்ட், அதாவது ஆள்கூலிக்கு மட்டுமான துணை ஒப்பந்தம், எடுத்து வேலை செய்யத் தொடங்கினேன். எட்டு ஆண்டுகள் அப்படியே கழிந்தன. அதன்பின் சொந்தப் பெயரில் பொதுப்பணித்துறையில், சிறிய மதிப்புள்ள பணிகளை எடுக்கும் கீழ்நிலை வகுப்பு ஒப்பந்ததாரராகப் பதிவு செய்துகொண்டேன். கொத்தனாராக இருந்து மேஸ்திரியாகி, அடுத்த படியில் கால் வைக்கத் தயங்கும் ஆதிதிராவிடத் தோழர்கள் பலர் இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்கிறார்கள். என் சாய்வு நேரடிப் பதிவின் பக்கம்.

துணை ஒப்பந்தத்தின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஒப்பந்தப்புள்ளியோடு கட்டும் முன்வைப்புத் தொகையும், நம் சொத்து வசதியைக் காட்டும் சால்வன்சி சான்றும் வேண்டாம். சிமெண்டையும் கம்பியையும் பிரதான ஒப்பந்ததாரரே இறக்குவார். சனிக்கிழமை கூலிக்கு அட்வான்ஸ் கிடைக்கும். நேரடிப் பணியிலோ வைப்புத்தொகை முடங்கும், சரக்குக்கு நாமே முதல் போட வேண்டும், பில் வரும்வரை கடன் வாங்கிக் கூலி கொடுக்க நேரிடும். முதல் இரண்டு பணிகளில் நானும் நகையை அடகு வைத்துத்தான் சமாளித்தேன்.

ஆயினும், வேலை முடிந்தபின் நம் கையில் என்ன காகிதம் மிஞ்சுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. துணை ஒப்பந்தத்தில் அஸ்திவாரம் முதல் பூச்சு வரை நாம் செய்தாலும், பொறியாளர் அளந்து எழுதும் எம்.புக்கில் (அளவுப் புத்தகத்தில்) பிரதான ஒப்பந்ததாரரின் பெயரும் கையெழுத்துமே இருக்கும். பணி முடிப்புச் சான்றும் அவருக்கே போகும். அந்த எட்டு ஆண்டுகளில் நான் கட்டிய பள்ளி வகுப்பறைகளையும் வடிகால்களையும் கண்ணால் காட்டலாமே தவிர, எந்த அலுவலகத்திலும் என் வேலை என்று நிரூபிக்க முடியாது. கடைசி வேலையில் என் பில்லில் பிடித்து வைத்த தொகை இன்றுவரை வரவில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குமேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது என்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டியும் விதிக்கிறது. ஆனால் வாய்மொழியாகப் பேசி எடுத்த வேலைக்கு எதைக் காட்டி முறையிடுவது? கட்டட ஒப்பந்தப் பணிகள் இச்சட்டத்துக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் ஒன்றுபோல் இல்லை.

நேரடியாக எடுத்த முதல் பணி ஒரு சிறிய சுற்றுச்சுவர்தான். லாபம் சொல்லும்படி இல்லை. ஆனால் அதற்குக் கிடைத்த சான்றைக் காட்டி அடுத்த பணிக்கு ஒப்பந்தப்புள்ளி போட முடிந்தது. என் கணக்கில் நேராக வந்த பில் தொகைகளைப் பார்த்த பிறகே வங்கி என்னோடு பேசியது. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்குமான தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. கான்கிரீட் மிக்சரும் வைப்ரேட்டரும் வாங்க நினைப்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மானியம் இருந்தாலும் கடனைத் தருவது வங்கிதான் என்பதால் இங்கும் அதே காகிதம்தான் பேசும்.

அரசின் ஆதரவில் ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. 2012ஆம் ஆண்டின் மத்திய கொள்முதல் கொள்கை, குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து 25 சதவீதமும், அதற்குள் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினரிடமிருந்து 4 சதவீதமும், பெண்களிடமிருந்து 3 சதவீதமும் வாங்கச் சொல்கிறது. ஆனால் அது பொருட்களுக்கும் சேவைகளுக்கும் உரியது, கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அல்ல. கர்நாடகத்தில் குறிப்பிட்ட மதிப்புக்குட்பட்ட அரசுக் கட்டுமானப் பணிகளிலேயே பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் சட்டப்படி ஒதுக்கீடு இருக்கிறது. அப்படி ஒன்று நமக்கும் வேண்டும்.

சாலைப் பணியில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே இயந்திர முதலீடு பெரிது என்பதால் என் கணக்கு பொருந்தாமல் போகலாம். ஆற்றுக்கு அப்பால் பாகூர்ப் பக்கம் செய்த தனியார் வீடு ஒன்றைத் தவிர, புதுச்சேரியிலும் நான் வேலை எடுத்ததில்லை.

கையில் முதலே இல்லாதவர் ஓரிரு ஆண்டுகள் துணை ஒப்பந்தத்தில் இருப்பதில் தவறில்லை. ஆனால் வேலையில் இறங்கும் முன்பே குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை முடித்து, தொகையும் அளவும் எழுதிய வேலை உத்தரவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் உட்பட எல்லாப் பணத்தையும் வங்கி வழியாகவே பெற வேண்டும். அதற்கு ஒப்பாதவரிடம் வேலை எடுக்க வேண்டாம்.