பழைய டிசையர் டீசல்: முதல் ஸ்டார்ட்டிலேயே ஜாதகம் தெரிந்துவிடும்

டாக்ஸி போர்டு கழற்றிய டிசையர் டீசலுக்கு வட சென்னையில் பஞ்சமே இல்லை. திருவொற்றியூர், மாதவரம், கொடுங்கையூர் என எந்தப் பக்கம் போனாலும் பின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒட்டிய வெள்ளை வண்டி ஒன்று நிற்கும். 2020-ல் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததோடு மாருதி டீசலுக்கு முழுக்குப் போட்டுவிட்டது. ஆக, இனி இதைப் பழைய வண்டியாகத்தான் வாங்க முடியும். மைலேஜ், சீட், டிக்கி இடம் பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இந்த விமர்சனம் ஒரே விஷயத்தைப் பார்க்கிறது: வண்டி எப்படி ஸ்டார்ட் ஆகிறது, எப்படி ஸ்டார்ட் செய்ய வேண்டும், மக்கர் செய்தால் கோளாறு எங்கே. பர்ஸைக் காலி செய்யும் டீசல் கோளாறுகள் பெரும்பாலும் செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு மூன்று வினாடியிலேயே குரல் கொடுத்துவிடும்.

என்ஜின் ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட். நாலு சிலிண்டர், காமன் ரெயில் (டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நாலுக்கும் அழுத்தமான டீசல் கொடுக்கும் பொதுக் குழாய்), டர்போ, 75 குதிரைசக்தி. 2007-ல் ஸ்விஃப்ட்டிலும் 2008-ல் டிசையரிலும் வந்தது. ஃபியட் புன்ட்டோ, லீனியா, டாடா விஸ்டா, மான்சா எல்லாம் இதே குடும்பம்தான். அதனால் இதைக் கழற்றிப் பார்க்காத டீசல் மெக்கானிக் இந்த ஊரில் அபூர்வம். பார்ட்ஸுக்கும் அலைய வேண்டியதில்லை. இந்த வண்டியின் பெரிய பலமே அதுதான்.

ஸ்டார்ட் செய்யும் முறைக்கு வருவோம். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினேழு பதினெட்டு மடங்கு நெருக்குகிறது. அந்த நெருக்கத்திலேயே காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகி, அதில் பீய்ச்சும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குப் போய்விடும், காற்றும் ரிங் வழியாகக் கசிந்துவிடும். போதாததற்கு, ரெயிலில் 200, 250 பார் அளவுக்காவது அழுத்தம் ஏறினால்தான் என்ஜினின் கம்ப்யூட்டரான இசியு இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். ஆகவே டீசலுக்கு முதல் தேவை சுறுசுறுப்பாகச் சுற்றும் செல்ஃப். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏசி, ஹெட்லைட், பாட்டு எல்லாம் ஆஃப். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கிளட்ச் முழுக்க உள்ளே போகட்டும். கியர்பாக்ஸையும் சேர்த்து இழுக்கும் சுமை செல்ஃபுக்குக் குறையும். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் மீட்டரில் மஞ்சள் நிறத்தில் சுருள் கம்பி படம் எரியும். சிலிண்டருக்குள் இருக்கும் ஹீட்டர் பிளக் சூடேறுகிறது என்று அர்த்தம். அது அணைந்த உடனே செல்ஃப் அடிக்க வேண்டும். அணைந்த பிறகு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிளக் ஏற்றிய சூடு வீண். என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் படம் கண் சிமிட்டிவிட்டுப் போய்விடும், காத்திருக்க வேண்டாம்.

செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே கூடாது. அம்பாசடர், பழைய சுமோ ஓட்டியவர்களுக்குப் பாதி மிதித்துக்கொண்டே சாவி திருப்புவது கைவந்த பழக்கம். மெக்கானிக்கல் பம்புக்கு அது சரி. காமன் ரெயிலில் எவ்வளவு டீசல் என்பதை இசியுதான் முடிவு செய்கிறது. மிதித்தால் ஸ்டார்ட் ஆன மறு நொடியே ஆர்பிஎம் எகிறும், ஆயில் இன்னும் எட்டாத டர்போ பேரிங் வறட்சியில் சுற்றும். அவ்வளவுதான் பலன்.

நல்ல வண்டி ஒன்றிரண்டு வினாடியில் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் சாவியை விட்டுவிட வேண்டும். பிடிக்கவில்லையா? ஒரே மூச்சில் 10 வினாடிக்கு மேல் அடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது ஓய்வு கொடுத்து மறுபடி முயலலாம். மூன்று முறைக்கு மேல் போனால் அது ஸ்டார்ட் செய்யும் முயற்சி அல்ல, செல்ஃப் மோட்டாரையும் பேட்டரியையும் சேர்த்துப் பலி கொடுப்பது. நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

ஸ்டார்ட் ஆனபின் சிவப்பு ஆயில் விளக்கு அணைகிறதா என்று பார்த்து, இருபது முப்பது வினாடி ஐட்லிங்கில் விட்டால் போதும். தெருவில் பத்து நிமிடம் 'சூடு பண்ணுவது' பக்கத்து வீட்டாரின் சாபத்தைத் தவிர எதையும் தராது, ஏனென்றால் டீசல் என்ஜின் ஐட்லிங்கில் லேசில் சூடாகாது. முதல் சில நிமிடம் 2000 ஆர்பிஎம்மைத் தாண்டாமல் ஓட்டிக்கொண்டே சூடாக்குவதுதான் சரி. ஹைவேயில் விரட்டி வந்தால் மட்டும், ஆஃப் செய்யுமுன் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு டர்போவை ஆறவிடுங்கள்.

இனி சர்ச்சைக்குரிய இடம். ஸ்டார்டிங் டிரபிள் என்று போனாலே 'ஹீட்டர் பிளக் நாலையும் மாத்திடலாம்' என்பது இங்கே பல ஒர்க்‌ஷாப்பில் முதல் வைத்தியம். சென்னையில் மார்கழி விடியலிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இந்த மாதிரி என்ஜின், நல்ல கம்ப்ரஷனும் (பிஸ்டன் காற்றை நெருக்கும் பலம்) நல்ல பேட்டரியும் இருந்தால், அந்த வெப்பத்தில் ஹீட்டர் பிளக் உதவி இல்லாமலேயே கிளம்பிவிடும். முதல் சில வினாடி கொஞ்சம் குலுங்கும், லேசாக வெண்புகை வரும், அவ்வளவுதான். பழைய இண்டிகா டீசல் வேறு ஜாதி. அதில் டீசல் முதலில் ஒரு சிறு முன்னறையில் எரியும், அந்த அறையின் சுவர் சூட்டைத் தின்றுவிடும், அதனால் நம் ஊரிலும் காலையில் ஹீட்டர் தேவை. அந்த அனுபவத்தை டிசையருக்கும் அப்படியே பொருத்துவதுதான் தப்பு.

பிளக் மேல் சந்தேகம் இருந்தால் மாற்றும் முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கனெக்டரைக் கழற்றி, பிளக் முனைக்கும் என்ஜின் உலோகத்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் ஓர் ஓம் பக்கம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் பிளக் போய்விட்டது. பேட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்துப் பழுக்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தை ஆபத்து. குறைந்த வோல்ட்டில் வேலை செய்யும் புது ரக பிளக் அதிலேயே எரிந்துபோகும். கழற்றுவதானால் என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, நிதானமாகத் திருக வேண்டும். கரி பிடித்து இறுகிய பிளக் முறிந்து உள்ளே சிக்கினால், சமயத்தில் என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

வட சென்னையில் ஹீட்டர் பிளக்குக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியது எர்த் ஒயர். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலோரம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். கண்ணுக்குத் தெரியும் அதைச் சுரண்டிவிடுகிறார்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போகும் ஒயரின் அடிமுனையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சோதனை எளிது: மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறு முனை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் பூசினால் தீர்ந்தது. புது பேட்டரி வாங்கியும் செல்ஃப் முக்குகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

பேட்டரியின் கணக்கும் நேரானது. இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக் கூடாது. ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். விலை குறைவு என்று பெட்ரோல் டிசையரின் சின்ன பேட்டரியை டீசலில் மாட்டி விற்பதும் நடக்கிறது. ஆம்பியர் அளவை வண்டியின் கையேட்டோடு ஒப்பிடுங்கள்.

செல்ஃப் ஜோராகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காதபோது சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை: டீசல் குழாயில் காற்று சிக்கும் ஏர் லாக், அடைத்த ஃபில்டர், என்ஜின் சுற்றுவதை இசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், சாவியை அடையாளம் காணாத இம்மொபிலைசர் இவற்றில் ஒன்று. வெண்புகை வந்து, அதில் பச்சை டீசல் வாடை அடித்தால் டீசல் போகிறது, எரியவில்லை. சுற்றும் வேகம், கம்ப்ரஷன், பிறகு ஹீட்டர் என்று அந்த வரிசையில் பார்க்க வேண்டும். வெறும் 'டிக்' சத்தமா, பேட்டரி டெர்மினல் அல்லது செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலினாய்டு.

காலையில் மட்டும் இழுத்தடித்து, அப்புறம் நாள் முழுக்க ஒழுங்காக ஸ்டார்ட் ஆனால், இரவில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. ஃபில்டரின் ரப்பர் வளையம், ஹோஸ் கிளிப் எங்கோ காற்று எடுக்கிறது. ஃபில்டருக்குப் பின் உள்ளே ஓடுவது தெரியும் ட்யூப் ஒரு சாண் மாட்டினால் குமிழி ஓடுவது தெரியும். சில நூறு ரூபாய் வேலை.

இதற்கு நேர்மாறானதுதான் பயப்பட வேண்டியது: காலையில் சட்டென ஸ்டார்ட், சூடானபின் அடம். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் அரை மணி நின்று, கொருக்குப்பேட்டை கேட்டில் ஆஃப் செய்துவிட்டு, மறுபடி சாவி திருப்பினால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும். சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த இன்ஜெக்டர் வழியே திரும்பி ஓடும் அளவு கூடி ரெயிலில் அழுத்தம் ஏறாது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய டாக்ஸி வண்டிகளில் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரே அளவு பாட்டில் மாட்டி, இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் எது அதிகம் வடிகிறது என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு நிறைந்தால் குற்றவாளி அதுதான். நாலு ஹீட்டர் பிளக் சேர்ந்தாலும் ஒரு புது இன்ஜெக்டரின் விலையை எட்டாது. அதனால் பேரம் பேசும் முன் இந்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

வண்டி பார்க்கப் போகும்போது விற்பவர் என்ஜினைச் சூடாக்கித் தயாராக வைத்திருப்பார். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, காலைல ஏழு மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாம வைங்க." போனதும் பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சாவியை ஆனில் வைக்கும்போது என்ஜின் சின்னம், ஆயில் சின்னம், சுருள் படம் எல்லாம் ஒரு முறை எரிய வேண்டும். என்ஜின் சின்னம் எரியவே இல்லையென்றால் கோளாறு இல்லை என்று அர்த்தமல்ல, பல்பையே பிடுங்கியிருக்கலாம். ஸ்டார்ட் ஆன கணத்தில் என்ஜினின் ஒரு ஓரத்திலிருந்து சங்கிலி உரசும் சத்தம் ஓரிரு வினாடி வந்து அடங்கினால் பரவாயில்லை. அடங்காமல் நீண்டால் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒரே தாளத்தில் ஓட்டும் டைமிங் செயினும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் தேய்ந்திருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே கூடாது, செயின் பல் தாண்டி வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பேட்டரி சுத்தமாக இறங்கிய காமன் ரெயில் வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் பலனில்லை, இசியு உயிரோடு இருந்தால்தானே இன்ஜெக்டர் திறக்கும். ஜம்ப் கேபிள்தான் வழி: பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், கறுப்பு கிளிப்பின் கடைசி முனை இறங்கிய வண்டியின் என்ஜின் உலோகத்தில், உதவும் வண்டி ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு செல்ஃப்.

ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்கிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பழுத்த ஹீட்டர் பிளக்கில் பெட்ரோல் ஆவி பட்டால் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனைப் பதம் பார்க்கும்.

மழைக்காலத்துக்குத் தனி விதி. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடத்தில் தண்ணீருக்குள் வண்டி நின்றுபோனால் சாவியைத் தொடாதீர்கள். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 312 சிசி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் 20 சிசிக்கும் குறைவு. அதாவது நாலு டீஸ்பூன் தண்ணீர் உள்ளே போயிருந்தாலே பிஸ்டனுக்கு மேலேற இடமில்லை. தண்ணீர் நெருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டியைக் கட்டி இழுக்காமல் டிரக்கில் ஏற்றி, ஹீட்டர் பிளக்கைக் கழற்றி, என்ஜினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே செல்ஃப். ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மூன்றும் அதற்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும்.