வவுனியாவில் வீட்டுக்காணி: வைரவபுளியங்குளம், குருமன்காடு, இறம்பைக்குளம் எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் படிப்புக்காக வருகிறவர்களும், வெளிநாட்டிலிருந்து ஊரில் ஒரு வீடு தேடுகிறவர்களும் வவுனியாவில் முதலில் விசாரிக்கிற பெயர்கள் இவைதான். மதில் கட்டிய மாடி வீடுகள், மாபிள் பதித்த விறாந்தை, வாசலில் வாகனம் என்று வசதியான குடியிருப்பு. கேட்கும் விலையும் அதற்கேற்றபடிதான். அந்த விலைக்கு இடம் தகுமா என்றால், மேட்டுக்காணி கிடைத்தால் தகும். பள்ளக்காணி என்றால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வன்னி முழுக்கத் தட்டை நிலம் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். வவுனியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மலை என்று சொல்ல எதுவும் இல்லை, ஆனால் நிலம் ஓயாமல் ஏறி இறங்குகிறது. ஏற்றத்தில் செம்மண், இறக்கத்தின் அடியில் களி, அந்த இறக்கத்தை மறித்துக் கட்டிய குளம், குளத்துக்குக் கீழே வயல் என்பதுதான் இந்த ஊரின் அமைப்பு. இரண்டு தெருக்களுக்கு இடையே உயர வித்தியாசம் நாலைந்து அடிதான் இருக்கும். கோடையில் அது கண்ணில் படாது. மார்கழி மழையில் ஒரு வளவு காய்ந்து கிடக்க, அடுத்த வளவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்.

ஆகவே காணி பார்க்கப் போனால் அது குளத்துக்கு எந்தப் பக்கம் என்று முதலில் கேளுங்கள். அலைகரைப் பக்கம், அதாவது குளத்து நீர் பரவி ஏறும் மேற்பக்கம் என்றால், குளம் நிரம்பும்போது தண்ணீர் எதுவரை ஏறும் என்று பாருங்கள். குளத்தைச் சுற்றி ஒதுக்கப்பட்ட நிலம் அரசுக்குரியது. அதற்குள் மதில் கட்டியிருந்தால் என்றாவது உடைக்கச் சொல்வார்கள். குளக்கட்டுக்குக் கீழே என்றால் அது பெரும்பாலும் முன்பு வயலாக இருந்த நிலம். கிரவல் கொட்டி மேவி, மேலே ஒரு அடி செம்மண் பரவிவிட்டால் மேட்டுக்காணி போலவே தெரியும். சந்தேகமென்றால் காணியின் இரண்டு மூலைகளில் நாலடி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். கிரவலுக்குக் கீழே சாம்பல் நிறக் களி வந்தால் அது வயல். களி மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். சாதாரணக் கருங்கல் அத்திவாரம் அதைத் தாங்காமல் யன்னல் மூலைகளிலிருந்து சுவர் சரிவாக வெடிக்கும். வயலை மேவுவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. அந்த அனுமதிக் கடிதம் இல்லாத காணிக்கு முற்பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது வான் பாயும் வழி, அதாவது குளத்தின் மிகைநீர் வழிந்தோடும் பாதை. ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போக வேண்டும். அந்த வாய்க்கால் எட்டு மாதம் புல் முளைத்துச் சும்மா கிடப்பதால் வெறும் ஒழுங்கை போலத் தோன்றும். அதையே பாதை என்று காட்டி விற்கிறார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையை அயலில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் எந்த வழியால் வந்தது, எத்தனை நாள் நின்றது என்று தரகரிடம் கேட்காமல் மூன்று வீடு தள்ளி இருப்பவரிடம் கேளுங்கள். பழைய மதிலின் அடியில் பழுப்புக் கறை எந்த உயரம்வரை இருக்கிறது என்றும் பார்க்கலாம்.

வசதிகளைப் பொறுத்தவரை இந்தப் பகுதிகளுக்குக் கிடைத்திருக்கும் பெயர் நியாயமானது. வைரவபுளியங்குளத்திலிருந்து புகையிரத நிலையத்துக்கு நடந்தே போகலாம். கொழும்புக்குப் பெட்டியோடு போய்வருகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தனியார் கல்வி நிலையங்களும் அங்கே நிறைய. அதற்கு மறுபக்கமும் உண்டு: வகுப்பு விடும் நேரத்தில் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒழுங்கைகளை அடைத்துவிடும், சனி ஞாயிறு காலையிலும் ஓய்வில்லை. அமைதி வேண்டுமென்றால் வகுப்பு நடக்கும் கட்டடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். பெண் பிள்ளைகளை இறம்பைக்குளம் மகளிர் மகாவித்தியாலயத்தில் சேர்க்க நினைப்பவர்கள் இறம்பைக்குளத்தைத் தேடுகிறார்கள். குருமன்காடு மன்னார் வீதியோடு இருப்பதால், பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வசதி. அது 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான பிறகு வாடகை வீட்டுக்குத் தேவை கூடியிருக்கிறது. மேல்மாடியை வாடகைக்கு விடும் எண்ணமிருந்தால் எங்கள் தெரிவு குருமன்காடுதான்.

தண்ணீர் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இங்கே அடியில் இருப்பது யாழ்ப்பாணம் மாதிரிச் சுண்ணாம்புக்கல் இல்லை, கடும் பாறை. பாறைக்கு மேலே உக்கிய மண்படையிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். அதனால் ஒரு வளவில் நல்ல ஊற்று, பக்கத்து வளவில் வெறும் கல் என்று இருக்கும். கிணறு மாசியில் நிறைந்திருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆவணி, புரட்டாதியில் பாருங்கள். தண்ணீர்ப் பரிசோதனைக்கும் அந்தக் காலமே சரி, வற்றிய கிணற்றில்தான் உப்பும் புளோரைட்டும் செறிந்து நிற்கும். இலங்கைத் தரநிர்ணயப்படி குடிநீரில் புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. காய்ச்சினால் அது போகாது, நீர் வற்ற வற்ற இன்னும் செறியும். வவுனியா மாவட்டத்தில் சிறுநீரக நோய் இருப்பது தெரிந்ததே. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பரிசோதிக்காத கிணற்று நீரைக் குடிக்கக் கொடுப்பது சரியே இல்லை.

பேராற்று நீர்த்தேக்கத்திலிருந்து நீர் வழங்கல் சபை குழாய்நீர் தருகிறது. ஆனால் ‘ஊருக்குக் குழாய் வந்துவிட்டது’ என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். உங்கள் ஒழுங்கைக்குள் குழாய் போகிறதா, அந்த ஒழுங்கையில் மேட்டில் இருக்கும் கடைசி வீட்டுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் ஏறுகிறது என்று கேளுங்கள். மேட்டுக்காணியின் ஒரே குறை இந்த அழுத்தக் குறைவு. நிலமட்டத்தில் ஒரு தொட்டி, அதிலிருந்து மேல் தாங்கிக்கு ஏற்ற ஒரு சிறு மோட்டர் என்று தொடக்கத்திலேயே திட்டம் போட்டால் தீர்ந்தது. குளிக்கவும் துவைக்கவும் கிணறு, குடிக்கவும் சமைக்கவும் குழாய்நீர் என்று இரண்டு இணைப்பையும் தனித்தனியாக இழுப்பதே நல்லது. கிணற்று நீர் ஓடும் சவரிலும் கீசரிலும் வெள்ளைப் படை கட்டும், அவற்றை அடிக்கடி கழற்றித் துப்புரவாக்க வேண்டிவரும்.

இப்போது காணிகளைப் பத்துப் பேர்ச்சாக, அதாவது ஒரு பரப்பாகத் துண்டுபோட்டு விற்கிறார்கள். பத்துப் பேர்ச் என்பது ஏறக்குறைய 2,720 சதுர அடி. 45 அடி முகப்பு என்றால் 60 அடி ஆழம். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 50 அடி விடவேண்டும் என்பார்கள். உங்கள் குழியை முன் மூலையிலும் கிணற்றைப் பின் மூலையிலும் வைத்தால் ஒருவாறு சமாளிக்கலாம். பின்வளவுக்காரர் தன் குழியை உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் வெட்டினால் என்ன செய்வது? சின்னத் துண்டுகள் நெருங்கிய இடத்தில் கிணற்றை நம்பவே முடியாது. கிணறும் வேண்டும், நாலு மாமரமும் வேண்டும் என்றால் இருபது பேர்ச்சுக்குக் குறையாமல் பாருங்கள், அதற்காக நகரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை.

தள்ளிப் போகும்போது உறுதியை, அதாவது காணியின் உரிமைப் பத்திரத்தைக் கவனியுங்கள். நகருக்குள் உறுதிக் காணிகள் உண்டு. புறத்தே போகப் போக, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிகள் கூடும். அவை 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. சத்தியக்கடதாசி எழுதிக் காசு கொடுத்து வாங்கினால் காணி உங்களுடையதாகாது, வங்கிக் கடனும் கிடைக்காது. உறுதிக் காணி என்றாலும் காணிப் பதிவகத்தில் பதிவேட்டை எடுத்து முப்பது வருட உரித்து பார்க்கச் சொல்லி உங்கள் நொத்தாரிசிடம் கேளுங்கள், விற்பவர் கூட்டிவரும் நொத்தாரிசிடம் அல்ல. இடப்பெயர்வில் மூல உறுதி தொலைந்து, பிரதியை வைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் பிரதி பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். எல்லைக் கல்லை நில அளவையாளர் வந்து காட்டிய பிறகே மிச்சக் காசைக் கொடுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்கள் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தைத் தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பிரசை தன் பெயரில் இங்கே காணியை வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் வாங்கலாம். சகோதரத்தின் பெயரில் வாங்கிவைத்து, பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்வார்கள். பெயர் யாருடையதோ காணி அவருடையது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கிடைக்கும்வரை அதே தெருவில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஒரு மாரியும் ஒரு கோடையும் இருந்து பாருங்கள்.